ஊரில் தனியாக இருக்கும் அம்மாவுக்கு டிஜிட்டல் போட்டோ ஃப்ரேம் வாங்கிக் கொடுக்கலாமா?

வெளிநாட்டில் இருந்துகொண்டு ஊரில் இருக்கும் அம்மாவுக்குக் குடும்பப் படங்களை எப்படிக் காட்டுவது, ஃப்ரேம் வாங்கினால் பயன்படுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக வாங்குங்கள். ஆனால் அனுப்பி வைத்ததோடு வேலை முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள், நான் அப்படித்தான் நினைத்தேன்.

நான் இருப்பது தோஹாவில். அம்மா கோவில்பட்டிப் பக்கம் ஒரு கிராமத்தில். அப்பா தவறிப்போன மறுவருடம் 10 அங்குல வைஃபை ஃப்ரேம் ஒன்று வாங்கி அக்காவிடம் கொடுத்துவிட்டேன். முதல் தொல்லை அது வைஃபையில் சேராதது. இந்த மாதிரி ஃப்ரேம்களில் பல 2.4 கிகாஹெர்ட்ஸ் என்ற வைஃபை அலைவரிசையில் மட்டும்தான் சேரும், 5-இல் சேராது, பக்கத்து வீட்டுத் தம்பி வந்து ரவுட்டரில் 2.4-க்கும் 5-க்கும் தனித்தனிப் பெயர் வைத்த பிறகுதான் சரியானது. நான் இங்கிருந்தே ஆயிரத்துச் சொச்சம் படங்களை மொத்தமாக ஏற்றினேன், பத்து நொடிக்கு ஒன்று மாறும்படி. அம்மா போனில், "என்னய்யா இது, நின்னு பாக்க விடமாட்டேங்கு, ஓடிக்கிட்டே இருக்கு" என்றாள். போகப் போகப் பழகிவிடும் என்று சொல்லிவிட்டேன்.

மூன்று வாரம் கழித்து அக்கா சொல்லித்தான் தெரியும், அம்மா பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஃப்ரேம் மேல் துண்டைப் போட்டு மூடி வைத்திருக்கிறாள். பேரன் பிறந்தநாள் படத்துக்கு அடுத்து, மூக்கில் குழாயோடு ஆஸ்பத்திரிக் கட்டிலில் அப்பா படுத்திருக்கும் படம் வந்திருக்கிறது. அதை எடுத்தது நானில்லை. நோயாளியைப் பார்க்க வந்த சொந்தக்காரர் ஒருவர் எடுத்துக் குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டது, என் போனில் தானாகச் சேமித்து, நான் மொத்தமாகத் தேர்ந்தெடுத்ததில் அதுவும் போய்விட்டது. சுயநினைவு இல்லாமல் கிடக்கும் மனிதனை அவர் சம்மதம் இல்லாமல் படமெடுத்து, "பிரார்த்தனை செய்யுங்கள்" என்று ஊருக்கெல்லாம் அனுப்புவது என்ன பழக்கம்? நலம் விசாரிக்கப் போகிறவர்கள் ஹார்லிக்ஸ் வாங்கிக்கொண்டு போங்கள், போனைப் பையிலேயே வையுங்கள். கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் இதைச் சொல்லாமல் என்னால் இருக்க முடியவில்லை.

அடுத்து நான் செய்தது இன்னொரு தப்பு. நம் வீடுகளில் போனவர்கள் படத்தை மாலை போட்டு, பொட்டு வைத்துத் தனியாகத்தான் மாட்டுவோம், இருப்பவர்கள் படத்தோடு கலக்கமாட்டோம், அதனால்தான் அம்மாவுக்கு மனசு கஷ்டப்பட்டது என்று நானாக முடிவு செய்து, ஃப்ரேமை மறுபடி போடச் சொல்லி, அப்பா இருக்கும் படங்கள் எல்லாவற்றையும் நீக்கிவிட்டேன். பத்து நாளில் அம்மா கேட்டாள், "அவுக படம் ஒண்ணுகூட வரலியே?" அன்றைக்கு எனக்கு வேலையே ஓடவில்லை.

அடுத்த லீவில் ஊருக்குப் போனதும் லேப்டாப்பை வைத்துக்கொண்டு இரண்டு சாயங்காலம் திண்ணையில் அம்மாவோடு உட்கார்ந்தேன். எது வேண்டும், எது வேண்டாம் என்று அவளே சொன்னாள். ஆயிரத்துச் சொச்சத்தில் மிஞ்சியது 83. கல்யாண மேடைப் படங்கள் பாதிக்கு மேல் போய்விட்டன. நின்றது, டிவிஎஸ் 50-இல் முன்னால் என்னை உட்காரவைத்து அப்பா நிற்கும் படம், செவலைப் பசுவும் கன்றும், அக்கா பள்ளிக்கூடம் போன முதல் நாள். "அவுக சிரிச்சிக்கிட்டு இருக்கதை மட்டும் வை" என்றாள், வைத்தேன். ஒரு படம் ஐந்து நிமிடம் நிற்கும். ராத்திரி 9 மணிக்குத் தானாக அணைந்து காலை 6 மணிக்கு வரும்.

கூகுள் போட்டோஸில் ஆல்பம் பகிர்ந்தால் போதுமே என்று சிலர் எழுதுவீர்கள். நானும் அக்காவும் அப்படித்தான் பகிர்ந்துகொள்கிறோம். 2021 ஜூன் முதல் இலவச இடம் ஜிமெயிலும் சேர்த்து 15 ஜிபிதான் என்பதால் வீடியோக்களை மட்டும் ஹார்டு டிஸ்கில் வைக்கிறோம். ஆனால் 70 வயது அம்மா போனைத் திறந்து, ஆப்பைத் தேடி, ஆல்பத்துக்குள் போவாள் என்று எதிர்பார்க்காதீர்கள். உங்கள் அம்மா செய்வார் என்றால் நல்லது, ஃப்ரேமே வேண்டாம்.

வாட்ஸப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும், எடுத்த தேதியும் அழிந்துவிடும், அப்புறம் வருட வரிசையே குழம்பும். டாகுமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள். ஐபோன் படங்கள் ஹெயிக் (HEIC) வடிவத்தில் வருவதால் பல ஃப்ரேம்களிலும், பென்டிரைவில் போட்டால் பல டிவிகளிலும் திறக்காது, ஜேபெக்காக (JPEG) மாற்றியே ஏற்றுங்கள். இதெல்லாம் எந்த நிறுவனத்துக்காகவும் எழுதவில்லை, நான் வாங்கிய ஃப்ரேமின் பெயரையும் அதனால்தான் சொல்லவில்லை.

அம்மா கேட்டதில் ஒன்று மட்டும் இன்னும் பாக்கி. அவர்கள் கல்யாணத்துக் கருப்பு வெள்ளை ஆல்பம். 2009-இல் ஒரு விசேஷத்துக்கென்று சித்தப்பா வாங்கிக்கொண்டு போனது, கேட்கும்போதெல்லாம் பரணில் இருக்கிறது என்கிறார். இந்தத் தடவை திருப்பிக் கேட்கப் போவதில்லை. அவர் வீட்டு ஜன்னலோரம், வெயில் நேராக விழாத இடத்தில் ஆல்பத்தை வைத்து, பிளாஷ் போடாமல் ஒவ்வொரு பக்கமாக என் போனிலேயே எடுத்துக்கொண்டு வந்துவிடுவேன். பொங்கலுக்கு டிக்கெட் போட்டாயிற்று.