அம்மாவுக்கு முட்டி வலி இல்லை

கேள்வி: அக்கா வீட்டுக்காரருக்கு நான் 60,000 ரூபாய் தரவேண்டும். அவர் என் தம்பிக்கு 50,000 தரவேண்டும். தம்பி எனக்கு 45,000 பாக்கி. எதற்கும் வட்டி கிடையாது, ஆனாலும் மூன்று வீட்டிலும் பேச்சு நின்றுவிட்டது. (தம்பி போர் போட, அம்மா செயினை பேங்கில் வைத்துத்தான் கொடுத்தேன்.) அம்மாவும் முட்டி வலி என்று எந்த விசேஷத்துக்கும் வருவதில்லை. ஞாயிற்றுக்கிழமை சந்தையில் புளி விற்பதோடு சரி. கடனைக் கழித்துக்கொண்டால் எல்லாம் தீர்ந்துவிடுமா?

வாசகர், போச்சம்பள்ளி

பதில்: கணக்கு அரை நிமிட வேலை. மூன்றில் சிறியது 45,000. அதை மூன்றிலும் கழியுங்கள். தம்பி கடன் தீர்ந்தது. மிச்சத்துக்கு நீங்கள் மாமாவுக்கு 10,000, தம்பிக்கு 5,000 கொடுத்தால் முடிந்தது. லாட்ஜில் யாரோ வைத்த 500 ரூபாய் ஊரைச் சுற்றி எல்லார் கடனையும் அடைத்துவிட்டுத் திரும்பி வந்ததாக வாட்ஸ்அப்பில் ஒரு கதை சுற்றுகிறதே, உங்களுக்கு அந்த நோட்டுகூடத் தேவையில்லை. மூன்று பேரும் ஒரு திண்ணையில் உட்கார்ந்தால் போதும். புரோநோட்டு எழுதியிருந்தால் அன்றே கையில் வாங்கிக் கிழித்துவிடுங்கள். பெட்டியில் கிடக்கும் நோட்டுக்கு 3 வருஷம் உயிர் உண்டு.

சரி, இப்போது அடைப்புக்குறிக்குள் நீங்கள் ஒளித்து வைத்த வரிக்கு வருகிறேன்.

தம்பிக்குக் கொடுத்த 45,000 உங்கள் பணமா? அம்மாவின் கழுத்தில் கிடந்தது. நீங்கள் மூவரும் கழித்துக்கொண்ட மறுநாள் தம்பி நிம்மதி, மாமா நிம்மதி. செயின் மட்டும் பேங்கில் கிடக்கும், வட்டி ஏறும், கட்டாமல் விட்டால் மூழ்கும். வட்டமாக ஓடும் கடன்தான் ஒன்றையொன்று தின்று தீரும். அம்மா அந்த வட்டத்தில் இல்லையே! அவர் யாரிடமும் வாங்கவில்லை, கொடுத்தது மட்டும்தான். உங்கள் கடன் 15,000 இல்லை ஐயா, அம்மாவின் 45,000-ஐயும் சேர்த்து 60,000. அதற்கு மேல் பேங்க் வட்டி.

போச்சம்பள்ளி சந்தையில் வெயிலில் உட்கார்ந்து எழுந்து புளி நிறுத்துப் போடுகிற முட்டி, கல்யாண வீட்டு நாற்காலியில் உட்காரும்போது மட்டும் வலிக்குமா? வெறுங்கழுத்தோடு சம்பந்தி வீட்டார் முன்னால் போய் நிற்கக் கூச்சம். அதை மகனிடம் சொல்லவும் கூச்சம். செயினையும் முட்டி வலியையும் ஒரே கடிதத்தில் எழுதிவிட்டு, சேர்த்துப் பார்க்கத் தெரியவில்லை உங்களுக்கு.

மாமாவும் தம்பியும் கொஞ்ச நாள் பொறுப்பார்கள், வட்டியில்லாக் கடன்தானே. முதலில் செயினை மீட்டுவிடுங்கள். அசல் உங்களுடையது. அடகு வைத்தது நீங்கள், மூத்தவரும் நீங்கள். வட்டியில் பாதியைத் தம்பி தரட்டும், போர் தண்ணீர் பாய்வது அவர் காட்டில்தானே. முடியாது என்றால் என் பதிலைக் காட்டுங்கள்.

அடுத்த முகூர்த்தத்துக்குள் கொண்டுவந்து அம்மா கையில் கொடுங்கள். அப்புறம் முட்டி எப்படி இருக்கிறது என்று கேளுங்கள்.