மும்பையில் வேலைக்குப் போய்க்கொண்டே காரடையான் நோன்பை நேரம் தவறாமல் நோற்பது எப்படி?

கல்யாணமாகி இந்த வருடம்தான் மும்பைக்கு வந்திருக்கிறீர்கள், மாமியார் ஊரில் இருக்கிறார், கணவர் பிரியாதிருக்க அடை படைத்து மஞ்சள் சரடு கட்டிக்கொள்ளும் இந்த முதல் நோன்பைத் தனியாகச் செய்ய வேண்டும், நேரம் ஏதாவது அகாலத்தில் வந்து தவறிவிட்டால் தோஷமா என்று கேட்டிருக்கிறீர்கள். தோஷத்தைப் பற்றிச் சொல்லும் அளவுக்கு எனக்கு ஞானம் கிடையாது. மும்பையை அடுத்த டோம்பிவிலியில் பன்னிரண்டு நோன்பு பார்த்திருக்கிறேன், அதில் நேரம் எப்படியெல்லாம் படுத்தும் என்று தெரியும். அதைச் சொல்கிறேன்.

முதலில் நேரம் ஏன் வருடா வருடம் இப்படி அலைகிறது என்று பார்த்துவிடலாம். மாசி முடிந்து பங்குனி பிறக்கும் கணம், அதாவது சூரியன் மீன ராசிக்குள் போகும் கணம்தான் நோன்புக்குக் கணக்கு. சூரியன் அந்த இடத்துக்குத் திரும்பி வர 365 நாளும் ஆறு மணி நேரமும் சொச்சமும் ஆகிறது. அந்த ஆறு மணி நேரம்தான் நம்மைப் படுத்துவது. ஒரு வருடம் நடுராத்திரி என்றால் அடுத்த வருடம் காலை, அப்புறம் மத்தியானம், அப்புறம் சாயங்காலம், மறுபடி நடுராத்திரி. எங்கள் வீட்டில் திருக்கணிதப் பஞ்சாங்கம். அதன்படி 2022-இல் ராத்திரி பன்னிரண்டரை வாக்கில் பங்குனி பிறந்தது. 2023-இல் காலை ஆறே முக்கால், 2024-இல் பகல் பன்னிரண்டே முக்கால், 2025-இல் மாலை ஏழு. உங்களுக்கு வரப்போகும் 2026 நோன்பு நடுராத்திரி ஒரு மணி தாண்டி முடிகிறது. அதனால் மார்ச் 14, சனிக்கிழமை ராத்திரியே முடித்துவிடலாம். மறுநாள் ஞாயிறு. முதல் நோன்புக்கு இதைவிட நல்ல நேரம் அமையாது.

இன்னொன்று. சென்னையில் போட்ட நேரத்தை மும்பைக்கு மாற்றிக் கணக்குப் போட வேண்டுமா என்று என் அலுவலகத் தோழி ஒருத்தி குழம்பியிருக்கிறாள். வேண்டாம். சூரிய உதயம்தான் இங்கே அரை மணி நேரம் பின்னால் வரும். மாசப் பிறப்பு நாடு முழுக்க ஒரே கணம், நம் கடிகாரமும் ஒன்றுதான். ஆனால் வாக்கியப் பஞ்சாங்கம் ஒரு நேரம் சொல்லும், திருக்கணிதம் வேறு சொல்லும். புகுந்த வீட்டில் எதைப் பார்க்கிறார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். கேட்க முடியாவிட்டால் இரண்டில் எது முந்தியோ அதற்குள் முடித்துவிடுங்கள், சண்டை இல்லை.

எங்கள் வீட்டில் பஞ்சாங்கம் மாமனார் இலாகா. 1971-இல், மும்பையில் தமிழர்கள் நிறைய இருக்கும் மாட்டுங்காவில் நாலு பேரோடு ஓர் அறையில் தங்கி வேலைக்குப் போனவர். டோம்பிவிலிக்கு வீடு மாறிய பிறகும் பஞ்சாங்கம், வாழை இலை, சரடு மூன்றுக்கும் மாட்டுங்காவுக்குத்தான் போவார். ஃபாஸ்ட் வண்டி அங்கே நிற்காது. ஸ்லோ பிடித்து, ஸ்டேஷன் பக்கத்துப் பூக்கடையில் பேரம் பேசி, இலைக்கட்டைக் கிழியாமல் லோக்கலில் கொண்டுவந்து சேர்ப்பதில் அவருக்குத் தனிப் பெருமை. டோம்பிவிலியிலேயே எல்லாம் கிடைக்கிறது என்று சொன்னால், "கிடைக்கும், கிடைக்கும்" என்பார். அவ்வளவுதான் பதில்.

நோன்பன்று சமையலறை வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொள்வார். கையில் பஞ்சாங்கம், மடியில் கைக்கடிகாரம். "இன்னும் நாப்பது நிமிஷம் இருக்கு." கொஞ்ச நேரம் கழித்து, "இருபத்தஞ்சு." உள்ளே மாமியார், "இவர் ஒருத்தர், ரயில் விடறாப்பல" என்று முணுமுணுத்துக்கொண்டே கையைத் துரிதப்படுத்துவார்.

அடை விஷயத்துக்கு வருகிறேன். உங்களுக்குப் பயம் நேரத்தில். எனக்கு முதல் வருடம் பயம் காட்டியது மாவு. கடையில் வாங்கிய அரிசி மாவை வறுக்காமல் அப்படியே வெல்லத் தண்ணீரில் கொட்டிவிட்டேன். அல்வாவும் இல்லை, அடையும் இல்லை, இலையோடு ஒட்டிக்கொண்டு வந்தது. மாமியார் ஒன்றும் சொல்லாமல் அதை ஓரமாக வைத்துவிட்டுப் புதிதாக மாவை வாணலியில் போட்டார். அரிசியைக் களைந்து நிழலில் உலர்த்தி அரைத்த மாவாக இருந்தால் நல்லது, கடை மாவானாலும் பரவாயில்லை. ஆனால் வறுக்க வேண்டும். விரலால் கொஞ்சம் எடுத்துத் தரையில் கோலம் இழுத்தால் இழை விடாமல் விழ வேண்டும், நிறம் லேசாகச் சிவக்க வேண்டும். அதுதான் பதம். ஒரு பங்கு மாவுக்கு ஒரு பங்கு வெல்லம், இரண்டு பங்கு தண்ணீர். வெல்லம் கரைந்து கொதித்ததும் வடிகட்டி, வறுத்து ஊறவைத்து வேகவைத்த காராமணியையும் பல்லுப் பல்லாக நறுக்கிய தேங்காயையும் ஏலப்பொடியையும் போட்டு, மாவைத் தூவிக் கிளறி மூடிவிடுங்கள். கை பொறுக்கும் சூடு வந்ததும் நெய் தடவிய இலைத் துண்டில் வைத்துத் தட்டி, நடுவில் விரலால் ஒரு ஓட்டை. ஓட்டை அழகுக்கு இல்லை, நடுப்பாகம் வேகத்தான். இட்லித் தட்டில் பத்து நிமிடம். வெந்த அடை மேலே பளபளவென்று இருக்கும், தொட்டால் கையில் ஒட்டாது. உப்படைக்கு வெல்லத்துக்குப் பதில் கடுகு, பச்சை மிளகாய், இஞ்சி, பெருங்காயம், கறிவேப்பிலை தாளித்துக் கொட்டினால் ஆயிற்று.

காராமணி என்று இங்கே கேட்டால் முழிப்பார்கள். லால் சவ்ளி என்று கேளுங்கள். இங்கே கிடைக்கும் கோலாப்பூர் வெல்லம் மஞ்சளாக இருக்கும், அடையும் வெளிறித்தான் வரும், ருசிக்குக் குறைவில்லை. வெண்ணெய்க்கு அட்டைப் பெட்டியில் வரும் உப்பு வெண்ணெயை வாங்கிவிடாதீர்கள். பால் கடையில் லோணி என்று கேட்டால் வெள்ளை வெண்ணெய் தருவார்கள். அதை ஃப்ரிட்ஜிலிருந்து கடைசி நிமிடத்தில் எடுங்கள், மார்ச் மாத மும்பையில் "உருகாத வெண்ணெய்" என்பது சும்மா இல்லை.

மற்றது சுலபம். அம்மன் படத்துக்கு முன்னால் கோலம், விளக்கு. ஆளுக்கு ஓர் இலை, இலையில் வெல்ல அடை, உப்படை, வெண்ணெய், வெற்றிலை பாக்கு, பழம். நடுவில் மஞ்சள் துண்டும் பூவும் கட்டிய சரடு. அம்மனுக்கும் ஒரு சரடு உண்டு. நைவேத்தியம் ஆனதும் "உருகாத வெண்ணெயும் ஓரடையும் நான் நோற்றேன், ஒருக்காலும் என் கணவர் பிரியாதிருக்க வேண்டும்" என்று சொல்லி வீட்டில் பெரிய சுமங்கலி சின்னவர்களுக்குக் கட்டுவார். நீங்கள் தனியாக இருந்தால் நீங்களே கட்டிக்கொள்ளலாம், என் நாத்தனார் அப்படித்தான் செய்கிறாள். கட்டிக்கொண்டு நமஸ்காரம் செய்துவிட்டு அடையைச் சாப்பிட வேண்டியதுதான். அதுவரை பட்டினி. அன்று பால், தயிர், மோர் சேர்க்கக் கூடாது என்று எங்கள் வீட்டில் உண்டு. காபி இல்லாத நாளா என்று நான் அழுதது வேறு கதை.

இப்போது உங்கள் கேள்வி. எங்கள் மாமியார் வைத்திருக்கும் சட்டம் ஒரே வரிதான்: "மாசி போறதுக்குள்ள சரடு கழுத்துல ஏறணும். மத்ததெல்லாம் அப்புறம்." மாசிக் கயிறு பாசி படியும் என்பார்கள் இல்லையா, அந்தக் கணக்கு. மாசியும் பங்குனியும் கூடும் நேரத்துக்கு எவ்வளவு கிட்டே முடியுமோ அவ்வளவு விசேஷம், முடியாவிட்டால் முன்னால் போகலாம், பின்னால் போகக் கூடாது. 2022-இல் பையனுக்கு ஏழு மாதம், பால் குடிக்கிற குழந்தை. நோன்போ ராத்திரி. காலையிலிருந்து பட்டினி கிடக்க நான் தயாராக இருந்தேன். மாமியார் காலை ஒன்பது மணிக்கே தட்டில் இட்லியை வைத்து, "குழந்தை பட்டினி கிடந்தா அம்பாள் சந்தோஷப்படுவாளா, சாப்பிடு" என்றார். மாத்திரை போடும் சர்க்கரைக்காரர்களுக்கும் இதேதான். இலை இல்லையா, தட்டு. ஆள் இல்லையா, நீங்களே கட்டிக்கொள்ளுங்கள். அடை உடைந்துவிட்டதா, உடைந்ததை வையுங்கள். தூரமான (மாதவிலக்கு) நாளில் நோன்பு வந்தால் எங்கள் வீட்டில் இன்னொருவர் நைவேத்தியம் செய்வார், நாம் சரடை மட்டும் கட்டிக்கொள்வோம்.

2024 நோன்பு வியாழக்கிழமை, வேலை நாள், பகல் நேரம். காலை நாலு மணிக்கு எழுந்து ஏழு மணிக்கே கட்டிக்கொண்டு, எட்டு மணி வண்டியில் ஏறிவிட்டேன். தாதர் வருவதற்குள் வேர்வையில் மஞ்சள் கரைந்து குர்த்தா கழுத்தெல்லாம் கறை. பக்கத்து மேஜை மராத்திக்காரி பார்த்துவிட்டு என்ன என்று கேட்டாள். சத்தியவானை எமனிடமிருந்து மீட்ட சாவித்திரி கதையைச் சொல்ல ஆரம்பித்தேன். பாதியிலேயே, "அட, இது எங்க வட பௌர்ணிமா!" என்றாள். அவர்களுக்கு ஜேஷ்ட மாதப் பௌர்ணமி, ஜூன் வாக்கில். ஆலமரத்தை நூல் சுற்றி ஏழு சுற்று வருவார்கள், ஏழு ஜென்மத்துக்கும் இதே புருஷன் வேண்டும் என்று. மரம் இல்லாத இடத்தில் கடைத்தெருவில் ஆலங்கிளையை ஒடித்து விற்பார்கள், அதைப் பார்க்கத்தான் எனக்கு வயிற்றெரிச்சல். நம் பாட்டில் பிரியாமல் இருக்க வேண்டும் என்பதோடு சரி, அடுத்த ஜென்மத்தைப் பற்றிப் பேச்சே இல்லை என்று சொன்னேன். "புத்திசாலிகள்" என்று சிரித்தாள். சாவித்திரியும் மகாபாரதத்தில் முதல் வரமாக மாமனாருக்குப் போன கண்ணைத்தான் கேட்கிறாள், புருஷனுடைய உயிர் கடைசியில்தான் வருகிறது. அதைச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் தொண்டை கட்டியது.

ஏனென்றால் எங்கள் மாமனார் அதற்கு ஐந்து மாதம் முன்னால், 2023 அக்டோபரில், தவறிவிட்டார். வருடம் திரும்பாத வீடு, நோன்பு உண்டா என்று நான் தயங்கினேன். "பண்டிகைதான் கிடையாது, நோன்பை விடப்படாது" என்றார் மாமியார். மாவை அவரே வறுத்தார். காராமணிப் பதம் அவரே பார்த்தார். எல்லாம் செய்துவிட்டு, இலை போடும் நேரத்தில் பால்கனிக்குப் போய்விட்டார். எனக்குப் பத்து வருடம் சரடு கட்டிய கை. "நீங்களே கட்டுங்கோம்மா" என்று கூப்பிட்டுப் பார்த்தேன். திரும்பவே இல்லை. இட்லியில், இலையில், நேரத்தில் எல்லாம் வளைந்துகொடுத்தவர் இதில் மட்டும் வளையவில்லை. எனக்கு இன்னும் அது கோபம்தான், யார் மேல் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

மறுநாள் மாட்டுக்கு அடை கொடுக்கப் போனது ஒரு தனிக் கூத்து. கோயில் வாசலில் மாட்டைக் கட்டிக்கொண்டு புல் விற்கும் பெண்மணி, "என்கிட்ட புல் வாங்கினாத்தான் கொடுக்கலாம்" என்று கறாராகச் சொல்லிவிட்டாள். பத்து ரூபாய்க்குப் புல் வாங்கி, அடையை அதற்குள் ஒளித்துக் கொடுத்தேன். மாடு அடையைத்தான் முதலில் தின்றது.

2025-இல் நோன்பும் ஹோலியும் ஒரே நாள், வெள்ளிக்கிழமை. பங்குனி பிறக்க மாலை ஏழு. கீழே காலையிலிருந்து கலர் தண்ணீரும் பாட்டும். பத்து வயதுப் பெண் உச்சந்தலையிலிருந்து ஊதா நிறத்தில் வந்து நின்றாள். மூன்று தடவை குளிப்பாட்டியும் காதுமடல் பச்சையாகவே இருந்தது. அதோடுதான் அவளுக்கும் இலை போட்டேன். கல்யாணமாகாத பெண்களும் கட்டிக்கொள்ளலாம், அவளுக்கு அடை வேண்டும், அவ்வளவுதான். மாமியார் கிளறிக் கொடுத்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டார். இந்தத் தடவை நான் கூப்பிடவில்லை. வழக்கம்போல் பால்கனிக்குத்தான் போவார் என்று நினைத்தேன்.

இரண்டாவது ஈடு அடை ஆவியில் இருந்தது. எனக்கு மணி பார்க்கவே மறந்துவிட்டது, ஃபோன் எங்கேயோ கூடத்தில். சமையலறை வாசலில் நாற்காலியை இழுக்கும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். மாமியார் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, மடியில் பஞ்சாங்கத்தை விரித்துவைத்து உட்கார்ந்திருந்தார்.

"முப்பத்தஞ்சு நிமிஷம் இருக்கு. கையைத் துரிதமா வை."