தெளிந்த ஆழமான மலை ஏரியில் பாஸ் மீனுக்கு ‘ஃபினெஸ்’ தூண்டில் எப்படிப் போடுவது?

பவானிசாகரில் தூண்டில் போட்டுப் பழகிய தாங்கள், வேலை நிமித்தம் வட கலிபோர்னியாவுக்குச் சென்றபின் ஷாஸ்தா ஏரியில் ஒரு பாஸ் மீன்கூடக் கடிக்கவில்லை என்றும், அங்குள்ளவர்கள் சொல்லும் ‘ஃபினெஸ்’ முறை என்னவென்றும் கேட்டிருக்கிறீர்கள். நானும் உடுமலையிலிருந்து அங்கே சென்று, அதே ஏரியில் சில ஆண்டுகள் தூண்டில் போட்டவன் என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

மெல்லிய தூண்டில் நரம்பு, இலேசான ஈயம், சிறிய ரப்பர் புழு, அதையும் முடிந்தவரை குறைவாக அசைப்பது: முறை இவ்வளவுதான். ஆயினும் கடைக்குப் போய்ச் சிறிய சாமான்களை வாங்கிவிட்டால் மீன் கடித்துவிடும் என்று நினைப்பவர்களே அதிகம். என் கருத்தில், புழு எவ்வளவு சிறியது என்பதைவிட அது எந்த ஆழத்தில் நிற்கிறது என்பதே முதன்மையானது.

நம் அணைகளில் கட்லாவுக்கும் ரோகுவுக்கும் கடலைப் புண்ணாக்கும் தவிடும் பிசைந்து போடுகிறோம். கலங்கிய நீரில் அவை வாசனையைத் தேடி வரும். நரம்பு தடித்திருந்தாலும் பெரிய குறையில்லை. பாஸ் அப்படியன்று, பெரும்பாலும் கண்ணால் பார்த்து வேட்டையாடும் மீன். தெளிந்த நீரில் நரம்பையும், படகின் நிழலையும், இரையின் செயற்கையான ஓட்டத்தையும் அது கண்டுகொள்கிறது. போதாததற்கு, பவானிசாகரின் முழுக் கொள்ளளவு மட்டமே 105 அடிதான்; 1945இல் கட்டி முடிக்கப்பட்ட ஷாஸ்தா அணையருகே ஏரி நிரம்பியிருக்கும்போது ஆழம் 500 அடியைத் தாண்டும்.

அத்தனை ஆழத்திலும் மீன் இருப்பதில்லை. கோடையில் மேலே வெதுவெதுப்பான நீரும் கீழே குளிர்ந்த நீரும் கலக்காமல் தனித்தனி அடுக்குகளாக நிற்கும். பல நீர்த்தேக்கங்களில் கீழடுக்கில் பிராணவாயு குறைந்துவிடுவதால் அதற்குள் தூண்டிலை இறக்குவது வீண். கரையிலிருந்து நீருக்குள் இறங்கும் பாறை முகடுகளில், 20 முதல் 40 அடி ஆழத்தில் முதலில் தேடுங்கள். விடியற்காலையிலும், காற்றடித்து நீர்ப்பரப்பு நெளியும்போதும் மீன் மேலே வரும். அப்போது இவ்வளவு நுணுக்கம் தேவைப்படாது.

முதலில் கற்க வேண்டியது ‘டிராப் ஷாட்’. நாம் ஈயத்தை முள்ளுக்கு மேலே கட்டுவோம். இங்கே ஈயம் அடியில், முள் அதற்கு ஒரு முழம் மேலே. முள்ளை, நரம்பை இரட்டையாக மடித்துப் போடும் ‘பாலோமர்’ முடிச்சில் கட்டி, மிச்ச நரம்பை நீளமாக விட்டு, அதை முள்முனை இருக்கும் பக்கத்திலிருந்து காது வழியே மீண்டும் கீழ்நோக்கிச் செலுத்தினால் முள் நரம்பிலிருந்து விலகி நேராக நிற்கும். மிச்ச நரம்பின் நுனியில் 5 முதல் 10 கிராம் ஈயம் போதும். சுருளில் 10 பவுண்டு இழுவை தாங்கும் பின்னல் நூலும், முன்னால் 6 அல்லது 8 பவுண்டு ஃப்ளூரோகார்பன் நரம்பும் இருக்கட்டும். ஃப்ளூரோகார்பனின் ஒளிவிலகல் எண் நைலானைவிட நீருக்கு நெருக்கமானது என்பதால் குறைவாகவே கண்ணில் படும். நான்கு அங்குலப் புழுவை மூக்கில் மட்டும் கோத்து, ஈயம் தரையைத் தொட்டதும் நரம்பைச் சற்றே தளர்த்தி, ஈயம் இடம்பெயராதபடி தடியின் நுனியை மட்டும் நடுங்கச் செய்யுங்கள். பிறகு நிறுத்திவிட வேண்டும். கடி பெரும்பாலும் அந்த ஓய்வில்தான் வரும். பொறுமையில்லாதவர்களுக்கு இது சலிப்பூட்டும் வேலை.

கடி வந்ததும் நம் ஊரில் சுண்டுவதுபோல் வெடுக்கென இழுத்தால் 6 பவுண்டு நரம்பு அறுந்துவிடும். மெல்லிய கம்பியால் ஆன கூர்முள் என்பதால், சுருளைச் சுற்றிக்கொண்டே தடியைச் சீராக உயர்த்தினாலே முள் ஏறிவிடும். மீன் இழுத்தால் நரம்பு வெளியே ஓடும்படி, சுருளின் இறுக்கத்தை (drag) முன்பே தளர்த்தி வைத்திருங்கள்.

பிடித்த மீனைத் திரும்ப விடுவதிலும் கவனம் வேண்டும். கட்லா, ரோகு போன்ற கெண்டை இனங்களுக்குக் காற்றுப்பையிலிருந்து உணவுக்குழலுக்கு வழி உண்டு. ஆழத்திலிருந்து மேலே வரும்போது காற்றை வெளியேற்றிவிடும். பாஸுக்கு அந்த வழி இல்லை. 30 அடிக்குக் கீழிருந்து இழுத்த மீனை அப்படியே விட்டால், பை உப்பி, வயிறு மேலாக மிதந்து இறக்க நேரிடும். பையை ஊசியால் குத்திக் காற்றை வெளியேற்றுவோர் உண்டு. பழகாத கை உள்ளுறுப்பைக் கிழித்துவிடும். தாடையில் எடை கட்டிய கவ்வியை மாட்டி, பிடித்த ஆழத்திற்கே இறக்கி விடுவிப்பதுதான் எனக்குச் சரியாகப்படுகிறது. அந்தக் கவ்வியையும் கலிபோர்னிய மீன்பிடி உரிமத்தையும் ஏரிக்குப் போகும் முன்பே வாங்கிவிடுங்கள்.