இழுப்பு நின்றாலும் பயம் நிற்கவில்லையே!

கேள்வி: எனக்குக் கடுமையான ஆஸ்துமா. அதிக டோஸ் இன்ஹேலர், மாத்திரை எல்லாம் எடுத்தும் வருடத்தில் மூன்று நான்கு முறை ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியிருக்கிறது. நன்றாக இருக்கிற நாளிலும் எப்போது வருமோ என்று பயம், ராத்திரி படுக்கவே தயக்கம். வீட்டில் "எல்லாம் மனசுதான், தைரியமா இரு" என்கிறார்கள். நான் கோழையா?

பதில்: இல்லவே இல்லை. ஒரே ஒரு தடவை மூச்சு கிடைக்காமல் தவித்தவருக்குக்கூட அடுத்த மூச்சு தானாக வந்துவிடும் என்ற நம்பிக்கை ஆட்டம் கண்டுவிடும், உங்களுக்கோ வருடத்துக்கு மூன்று நான்கு தடவை. எனக்கும் இந்த நோய் உண்டு. நடுராத்திரி எழுந்து தலையணைக்கடியில் இன்ஹேலர் இருக்கிறதா என்று தடவிப் பார்த்து, இருட்டிலேயே காதருகே குலுக்கி, உள்ளே மருந்து மிச்சம் இருக்கிறதா என்று கேட்டிருக்கிறேன். (அதை நம்பாதீர்கள். மருந்து தீர்ந்த பிறகும் உள்ளே இருக்கிற வாயு சத்தம் கொடுக்கும். எண்ணிக்கை காட்டுகிற இன்ஹேலராக இருந்தால் அந்த எண்ணைப் பாருங்கள்.)

ராத்திரி பயமும் வீண் கற்பனை இல்லை. வீக்கத்தை அடக்கி வைக்கும் கார்டிசால் என்ற ஹார்மோன் உடம்பில் நள்ளிரவை ஒட்டித்தான் மிகக் குறைவாக இருக்கும், விடியற்காலை நாலு மணி வாக்கில் மூச்சுக்குழாய் சுருங்குவது ஆஸ்துமாக்காரர்கள் பலருக்கும் நடக்கிறது.

"எல்லாம் மனசுதான்" என்ற பேச்சு பழசு. 1940களில் ஃபிரான்ஸ் அலெக்சாண்டர் போன்ற மனநல மருத்துவர்களே, தாய்க்காக ஏங்கும் அழுகை அடக்கப்பட்டு இழுப்பாக வெளிவருகிறது என்று எழுதினார்கள்! அந்தக் கருத்தை மருத்துவம் எப்போதோ கைவிட்டாயிற்று, சொந்தக்காரர்கள்தான் இன்னும் விடவில்லை. உங்கள் மூச்சுக்குழாயில் இருப்பது வீக்கமும் சளியும். அழுகையோ பெரிய சிரிப்போ இழுப்பைத் தூண்டலாம் என்பது உண்மை, ஆனால் தூண்டுவது வேறு, நோய்க்குக் காரணம் வேறு.

இன்னொன்றை யாரும் சொல்லித் தருவதில்லை. மூச்சுக்குழாயைத் தளர்த்தும் சால்பியூட்டமால் இன்ஹேலரில் பஃப் எடுத்ததும் கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும். பயந்தாலும் அப்படித்தான் இருக்கும் என்பதால் நாம் குழம்பிப்போகிறோம். பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுகிற நாட்களில் தூக்கம் போகும், சின்ன விஷயத்துக்கும் கோபம் வரும், சிலருக்கு மனசு அடியோடு தொங்கிப்போகும். மாண்டெலுகாஸ்ட் என்ற ஆஸ்துமா மாத்திரை சிலருக்கு மனநிலையைப் பாதிக்கலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020-ல் கடுமையான எச்சரிக்கையே கொடுத்தது. அதற்காக நீங்களாக எதையும் நிறுத்திவிடாதீர்கள், ஸ்டீராய்டை திடீரென்று நிறுத்துவது ஆபத்து. எந்த மருந்து தொடங்கிய பிறகு மனசு மாறியது என்று தேதியோடு குறித்துக்கொண்டு போய் டாக்டரிடம் காட்டுங்கள், அப்படியே வீக்கத்தைத் தூண்டும் பொருட்களைக் குறிவைத்துத் தடுக்க ஊசியாகப் போடும் பயோலாஜிக் மருந்து உங்களுக்குப் பொருந்துமா என்றும் கேளுங்கள்.

வந்திருப்பது பதற்றமா இழுப்பா என்று சந்தேகம் வந்தால் மூச்சை எவ்வளவு வேகமாக வெளியே ஊத முடிகிறது என்று அளக்கும் பீக் ஃப்ளோ மீட்டரில் ஊதிப் பாருங்கள். ஊத முடியாத அளவுக்கு இருந்தால் ஆராய்ச்சியெல்லாம் வேண்டாம், இன்ஹேலர்தான். அதிலும் அடங்காமல் ஒரு வாக்கியம் முழுசாகப் பேச முடியவில்லை என்றால் உடனே அவசர சிகிச்சைக்குக் கிளம்ப வேண்டும், வீசிங் சத்தம் கேட்காவிட்டாலும்கூட. சத்தமே அடங்கிப்போவது சில சமயம் மோசமான அறிகுறி.

கேள்வி: என் மனைவிக்குக் கடுமையான ஆஸ்துமா. அவள் சத்தமாகச் சிரித்தே நாளாகிறது. "பஃப் எடுத்தியா?" என்று அக்கறையாகக் கேட்டாலும் எரிந்து விழுகிறாள். நான் என்ன தப்பு செய்தேன்?

பதில்: ஒரு நாளைக்கு எத்தனை தடவை கேட்கிறீர்கள்? நீங்கள் அக்கறையாகத்தான் கேட்கிறீர்கள், அவருக்கோ அது கண்காணிப்பாகப் படுகிறது. சிரித்தால் இருமல், இருமினால் இழுப்பு என்று பழகியவர் சிரிப்பை அளந்துதான் சிரிப்பார், அதை உங்கள் மேல் இருக்கிற கோபமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இழுப்பு வரும்போது "என்னம்மா ஆச்சு, எப்படி இருக்கு?" என்று கேட்டுக்கொண்டே இருக்காதீர்கள், பதில் சொல்லவும் மூச்சுதான் வேண்டும். அவர் நன்றாக இருக்கிற நாளில் இருவரும் உட்கார்ந்து சைகை பேசி வைத்துக்கொள்ளுங்கள்: ஒரு விரல் என்றால் ஸ்பேசரோடு (இன்ஹேலரில் பொருத்தும் குழாய்) இன்ஹேலர், இரண்டு விரல் என்றால் ஆம்புலன்ஸ், கையைக் காட்டி நிறுத்தினால் பக்கத்தில் இரு, ஆனால் பேசாதே. அப்புறம், எந்தச் சைகைக்கு என்ன அர்த்தம் என்று முடிவு செய்கிற உரிமையை அவருக்கே விட்டுவிடுங்கள்.