வாரண்ட் இல்லாம சோதனை போட்டா கஞ்சா கேஸ் நிக்குமா? கேள்வி பதில்

என்டிபிஎஸ் (போதைப்பொருள் தடுப்புச் சட்டம்) கேஸ்ல டிஃபென்ஸ் சைடு ஆஜராகுற வக்கீல் நான், சந்தேகம் இருந்தா கேளுங்கன்னு சொல்லியிருந்தேன். வந்ததுல சிலது கீழ.

கே: அண்ணா, வாரண்ட் இல்லாம வீட்டுக்குள்ள பூந்து எடுத்த கஞ்சா கோர்ட்ல செல்லாதுதானே? அமெரிக்காவுல அப்படித்தானாமே?

ப: அமெரிக்கா கதைய விடுங்க தம்பி. இங்க சுப்ரீம் கோர்ட்டோட 1974 பூரண்மல் தீர்ப்பு காலத்துல இருந்தே, தேடின விதம் தப்புன்னாலும் கிடைச்ச பொருள கோர்ட் பாக்கலாம்ங்கறதுதான் பொது விதி. அதுபோக செக்‌ஷன் 42 படி பகல்ல வீட்டுக்குள்ள வர வாரண்ட்டே தேவையில்ல. ஆனா கிடைச்ச தகவல எழுதி வச்சு 72 மணி நேரத்துக்குள்ள மேலதிகாரிக்கு காப்பி அனுப்பணும், ராத்திரின்னா வாரண்ட் வாங்க ஏன் நேரமில்லன்னு காரணமும் எழுதணும். லேட்டா செஞ்சு அதுக்கு சரியான விளக்கம் குடுத்தா கோர்ட் ஏத்துக்கும், செய்யவே இல்லன்னா கேஸ் ஆடிடும் (சுப்ரீம் கோர்ட்டோட 2009 கர்னைல் சிங் தீர்ப்பு).

கே: சார், பஸ் ஸ்டாண்ட்ல என் மச்சான் பையில இருந்து எடுத்தாங்க. மாஜிஸ்ட்ரேட்கிட்ட கூட்டிட்டே போகல, செக்‌ஷன் 50 மீறல்தானே?

ப: இல்லைங்க. 50 உடம்ப சோதிக்கறதுக்கு மட்டும்தான், பைக்கு கிடையாது. 2005 பவன் குமார்ல சொன்னத 2023லயும் சுப்ரீம் கோர்ட் திரும்ப சொல்லிருச்சு. பஸ் ஸ்டாண்ட் பொது இடம், அதனால வீடு மாதிரி இடத்துக்கான 42-ம் வராது, பொது இடத்துக்கான 43 தான். இந்த பாயிண்ட்ட நம்பி காச செலவு பண்ணாதீங்க.

கே: சொந்த கார்ல எடுத்தா?

ப: ரோட்டுல நின்னாலும் சொந்த வண்டி பொது இடம் ஆகாது. 2021 பூட்டா சிங் கேஸ்ல 42 பின்பற்றலன்னு விடுதலையே பண்ணிட்டாங்க.

கே: பாக்கெட்ல எடுத்தாங்க. ஆனா "எனக்கு ஆட்சேபணை இல்ல"ன்னு கையெழுத்து வாங்கிட்டாங்களே அண்ணா, போச்சா?

ப: இதுலதான் உயிர் இருக்கு. கெசட்டட் ஆபீசர் இல்லன்னா மாஜிஸ்ட்ரேட் முன்னாடி சோதனை கேக்க உங்களுக்கு உரிமை உண்டுன்னு தெளிவா சொல்லியிருக்கணும். சொல்லாம உடம்புல எடுத்த பொருள வச்சு மட்டும் தண்டிக்க முடியாது, 1999 பல்தேவ் சிங், 2010 ஜடேஜா ரெண்டுமே அஞ்சு நீதிபதி பெஞ்ச். ரெண்டு பேருக்கு சேத்து ஒரே நோட்டீஸ் குடுத்தாலோ, ரெய்டுக்கு வந்த ஆபீசரையே மூணாவது சாய்ஸா சொன்னாலோ தப்புதான் (2014 பர்மானந்த்). நான் மொதல்ல பாக்கறது நேரம். மகஜர்ல (பொருள எடுத்தப்ப எழுதற பதிவு) சோதனை 5.10, உரிமைய சொன்ன நோட்டீஸ்ல 5.40ன்னு இருந்தா எஸ்ஐய குறுக்கு விசாரணைல அந்த அரை மணி நேரத்துலயே நிறுத்திருவேன்.

கே: தம்பி, என் பையன் ஸ்டேஷன்ல ஒத்துக்கிட்டதா எழுதியிருக்காங்களே?

ப: அது ஆகாதும்மா, தைரியமா இருங்க. நம்ம ஊரு கேஸ்தான், 2020 தூஃபான் சிங் எதிர் தமிழ்நாடு. என்சிபி (மத்திய போதைப்பொருள் தடுப்புப் பிரிவு) ஆபீசர்கிட்ட குடுத்த வாக்குமூலமே ஒப்புதலா எடுபடாதுன்னுட்டாங்க. உங்க பையன் சொல்லி போய் எடுத்த பொருள் இருந்தா மட்டும் அது வேற கணக்கு.

கே: ஜாமீன்?

ப: கஞ்சா 20 கிலோவ தாண்டினா செக்‌ஷன் 37ல இருக்கற ஜாமீன் தடை வந்து உக்காந்துரும், கஷ்டம். குறைவா இருந்தா அந்த தடை இல்ல. சாம்பிள மாஜிஸ்ட்ரேட் முன்னாடி எடுக்கல, 52ஏ மீறல்ங்கறத மட்டும் வச்சு கேஸ உடைக்க முடியாதுன்னு 2025ல தீர்ப்பு வந்துருச்சு, அத பெருசா நம்பாதீங்க. புது பிஎன்எஸ்எஸ் (பழைய சிஆர்பிசிக்கு பதிலா வந்த குற்ற நடைமுறைச் சட்டம்) 105 சோதனைய வீடியோ எடுக்க சொல்லுது, அத கேளுங்க. பக்கத்து கடை சிசிடிவி கொஞ்ச நாள்ல தானா அழிஞ்சிரும், அத எடுத்து வைக்க சொல்லி இந்த வாரமே பெட்டிஷன் போடுங்க.