பிளாஷரா, எல்சிடி சோனாரா: முதல் கருவிக்கு

உறைந்த ஏரியில் துளையிட்டு, 20 அடி ஆழத்தில் முதன்முறை மீன் பிடிக்க எது வாங்கலாம் என்று கேட்டிருந்தீர்கள். மீனை ஒலியலையால் கண்டறிந்து திரையில் காட்டும் எல்சிடி சோனாரில், ஐஸ் மோட் (பனித்துளை வழியே மீன் பிடிப்பதற்கான அமைப்பு) உள்ளதே போதும். கடந்துபோன மீனின் தடம் திரையில் நிற்கும். அந்தந்த நொடியின் எதிரொலியை மட்டும் ஒளிக்கோடாகக் காட்டும் பிளாஷரில் அது அந்த நொடியோடு மறைந்துவிடும்.

திரை அளவைவிடக் கூம்புக் கோணத்தை, அதாவது ஒலியலை நீருக்குள் கூம்பாக விரியும் கோணத்தைப் பாருங்கள். 20 பாகை என்றால் அந்த ஆழத்தில் சுமார் 7 அடி வட்டம் தெரியும், 9 பாகையில் 3 அடிதான். ஆனால் பாசி மண்டிய இடத்தில் குறுகியதே தெளிவு.

ஒலியலையை அனுப்பிப் பெறும் டிரான்ஸ்டியூசர் பனிக்கட்டியின் அடிப்பரப்புக்குச் சற்றுக் கீழே, சாயாமல் தொங்கட்டும். சாய்ந்தால் தூண்டில் கூம்புக்கு வெளியே போய்விடும். கருவி பழுது என்று பலர் நினைப்பது இதைத்தான். தூண்டில் மெல்லிய கோடாகத் தெரியும்வரை மட்டும் கெயினை (எதிரொலியைப் பெருக்கும் அளவை) கூட்டுங்கள். லித்தியம் பேட்டரியை உறைநிலைக்குக் கீழே சார்ஜ் செய்தால் கெட்டுவிடும், அறைக்குள் சூடேறிய பிறகே செருகுங்கள்.