ஓட்டம் குறைந்த வண்டி – கடிதமும் பதிலும்

வணக்கம் ஐயா,

வார்ப்பு, உலோகம் பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து படிக்கிறேன். சொந்த ஊர் கரூர் பக்கம், இப்போது ஜெர்மனியில், ஸ்டுட்கார்ட்டில் வேலை. வயது 44. இத்தனை வருடமும் டீசல் ஸ்டேஷன் வேகன்தான் ஓட்டினேன். ஒரு நல்ல ஸ்போர்ட்ஸ் கார் வேண்டும் என்பது நீண்ட நாள் ஆசை. அதற்கென்று சேர்த்த பணத்துக்குள் இரண்டு வண்டிகள் வருகின்றன. ஒன்று, 2002-ஆம் வருடத்து போர்ஷே 911 (996 வகை, 3.6 லிட்டர்). மூன்றாவது உரிமையாளர். 82,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது. கடைசி ஆறு வருடம் பெரும்பாலும் கராஜில் நின்றிருக்கிறது. இன்னொன்று, 2004 பிஎம்டபிள்யூ எம்3 (இ46). 1,46,000 கிலோமீட்டர். விற்பவர் ஒரு கோப்பு நிறைய பில் வைத்திருக்கிறார். இரண்டுமே மேனுவல் கியர், விலையும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஓட்டம் குறைந்த 911தானே பாதுகாப்பு? எம்3-இல் பின் சீட்டில் பிள்ளைகள் வசதியாக உட்காரலாம் என்பது வீட்டில் சொல்லும் காரணம். என் அப்பா வாழ்நாள் முழுக்க ஒரு டிவிஎஸ் 50-ஐ ஞாயிறுதோறும் தானே கழற்றிப் பூட்டி ஓட்டினார். அவரிடம் இதைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. இது வீண் ஆசையா?

செ., ஸ்டுட்கார்ட்

அன்புள்ள செ.,

எம்3-ஐ வாங்குங்கள். இரண்டில் எனக்கு அதிகம் பிடித்தது 911. இருந்தும் எம்3 என்றுதான் சொல்கிறேன்.

கோவையில் ஃபவுண்டரியில் இருந்த காலத்தில் எஞ்சின் பிளாக்கும், சிலிண்டருக்குள் சுவராகச் செருகும் லைனரும்தான் என் அன்றாட வேலை. அதனால் எந்தக் காரைப் பற்றிப் பேசினாலும் சிலிண்டர் சுவர் என்ன உலோகம் என்ற இடத்திலிருந்துதான் எனக்கு யோசனை ஓடும். உங்கள் இரண்டு வண்டிகளுக்கும் இடையே உள்ள பெரிய வித்தியாசமும் அங்கேதான் இருக்கிறது.

எம்3-இன் எஸ்54 எஞ்சின் வார்ப்பிரும்பு பிளாக். பிஎம்டபிள்யூ தன் சாதாரண ஆறு சிலிண்டர் எஞ்சின்களை அலுமினியத்துக்கு மாற்றிய பிறகும் இதை மட்டும் இரும்பிலேயே வைத்திருந்தது. கொஞ்சம் கனம்தான். ஆனால் சாம்பல் வார்ப்பிரும்புக்குள் கிராஃபைட் செதில்செதிலாகக் கிடக்கும். அது எண்ணெயைப் பிடித்து வைக்கும், தானும் வழுக்கும். அந்தச் சுவர் சுலபத்தில் கீறாது. இந்த எஞ்சினில் பிஸ்டன் ஒருமுறை போகும் தூரம் 91 மில்லிமீட்டர், உச்சச் சுழற்சி நிமிடத்துக்கு 8000. கணக்குப் போட்டால் பிஸ்டனின் சராசரி வேகம் நொடிக்கு 24 மீட்டருக்கு மேல் வருகிறது. 2000-இல் தெருவில் ஓடும் காருக்கு இப்படி ஓர் எஞ்சினை உத்தரவாதத்தோடு விற்றது பெரிய துணிச்சல்.

போர்ஷேயின் எம்96 எஞ்சின் அலுமினியம். சிலிக்கான் துகளால் செய்த ஓர் உருளையை அச்சுக்குள் வைத்து, உருகிய அலுமினியத்தை அழுத்தத்தோடு அதற்குள் செலுத்துகிறார்கள். லோகாசில் என்று பெயர். தேய்த்து முடித்தபின் சிலிக்கான் படிகங்கள் மட்டும் துருத்திக்கொண்டு நிற்கும், பிஸ்டன் அவற்றின்மேல் ஓடும். பிஸ்டனும் அலுமினியம் என்பதால் அதன் பக்கவாட்டில் மெல்லிய இரும்புப் பூச்சு இருக்கும். வார்ப்புத் தொழிலில் இருப்பவனுக்கு இது கண்ணில் ஒற்றிக்கொள்ளத் தோன்றும் வேலை. ஆனால் அந்தப் பூச்சு ஓரிடத்தில் தேய்ந்துவிட்டால் அலுமினியம் நேராகச் சுவரில் உரச ஆரம்பிக்கும். கீறல் விழும். விழுந்த கீறல் ஆறாது, நீண்டுகொண்டேதான் போகும். 996-இல் முதலில் வந்த 3.4 லிட்டரைவிட 3.6-இலும், அடுத்து வந்த 997-இன் 3.8-இலும்தான் இந்தப் பேச்சு அதிகம். நீங்கள் பார்த்திருப்பது 3.6.

அடுத்தது எல்லோரும் சொல்லும் ஐஎம்எஸ் பேரிங். பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்கிலிருந்து, வால்வுகளைத் திறக்கும் கேம்களுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் இடைத்தண்டின் ஒரு முனையை, மூடி போட்ட ஒரு பால் பேரிங் தாங்குகிறது. உள்ளே இருக்கும் கிரீஸ் காலப்போக்கில் கரைந்துவிடும். மூடி இருப்பதால் எஞ்சின் ஆயிலும் சரியாக உள்ளே போய்வராது. தேய்ந்து தேய்ந்து ஒருநாள் உடைந்தால் வால்வு திறந்து மூடும் நேரம் தவறி, பிஸ்டன் போய் வால்வில் இடிக்கும். எஞ்சின் அத்தோடு முடிந்தது. எல்லா வண்டிக்கும் இது வருவதில்லை, பெரும்பாலானவை ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. ஆனாலும் அமெரிக்காவில் கூட்டு வழக்கு வரை போன விஷயம். 2002 வண்டியில் இருப்பது சிறிய, ஒற்றை வரிசை பேரிங். அதிகம் உடைந்தது அந்த வகைதான்.

அப்புறம் உங்கள் 82,000. ஓட்டம் குறைந்தால் தேய்மானமும் குறைவு என்று நினைக்கிறீர்கள். இந்த எஞ்சினுக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது. ஆறு வருடம் பெரும்பாலும் நின்ற வண்டி என்றால், நடுவில் எப்போதாவது ஸ்டார்ட் செய்து, கராஜிலிருந்து எடுத்து, எஞ்சின் சூடாகும் முன்னே திரும்ப நிறுத்தியிருப்பார்கள். குளிர்ந்த எஞ்சினில் எரியாத பெட்ரோல் சுவரில் இருக்கும் எண்ணெய்ப் படலத்தைக் கழுவிவிடும். ஆயிலில் ஈரம் சேரும். சூடேறாததால் அந்த ஈரம் ஆவியாகாமல் தங்கும். அதே ஈரமான, அமிலம் ஏறிய ஆயிலில்தான் இடைத்தண்டின் பேரிங்கும் மாதக்கணக்கில் கிடக்கும். இதற்கு மேல் ரப்பர் குழாய்கள், சீல்கள், முன் பம்பரின் காற்று வழியில் இலை சேர்ந்து அரித்துப்போகும் ரேடியேட்டர்கள் என்று ஒவ்வொன்றாக வரும். வாரம்தோறும் நெடுஞ்சாலையில் நன்றாகச் சூடேறி ஓடிய, நேரத்துக்கு ஆயில் மாற்றிய 1,60,000 கிலோமீட்டர் 996 ஒன்று கிடைத்தால் அதை நான் இதைவிட நம்புவேன். இதைப் பற்றி உங்கள் அப்பாவிடமே கேளுங்கள். ஆறு வருடம் திண்ணையில் நின்ற மொபெட்டை ஓட்டம் குறைவு என்பதற்காக அவர் வாங்குவாரா?

எம்3-க்கு நோய் இல்லை என்று நான் சொல்லவில்லை. மூன்று பெரிய நோய் உண்டு. பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் பேரிங் தேய்வது ஒன்று. ஆரம்பகால வண்டிகளைத் திரும்ப அழைத்து பிஎம்டபிள்யூவே மாற்றிக்கொடுத்தது. உங்களுடையது 2004 என்பதால் அந்தக் கூட்டத்தில் சேராது, இருந்தாலும் 1,46,000-இல் அது மாற்றப்பட்டிருக்க வேண்டும். கோப்பில் அந்த பில் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் வாங்கியவுடன் நீங்களே மாற்றிவிடுங்கள். எஞ்சினைக் கழற்றாமல் கீழிருந்தே செய்யக்கூடிய வேலை. இரண்டாவது, பின்பக்க சப்ஃபிரேம் (பின் சக்கர அமைப்பைத் தாங்கும் சட்டம்) பொருந்தும் இடத்தில் தகடு விரிசல் விடுவது. வண்டியை லிஃப்டில் ஏற்றி அந்த நான்கு இடங்களையும் விளக்கடித்துப் பார்க்க வேண்டும். டிக்கி விரிப்பையும் தூக்கிப் பாருங்கள். யாராவது வெல்டிங் செய்து தகடு வைத்து வலுப்படுத்தியிருந்தால் அதைக் குறையாக எண்ண வேண்டாம், வண்டியைப் புரிந்துகொண்ட ஒருவர் வைத்திருந்தார் என்று அர்த்தம். மூன்றாவது வேனோஸ், வால்வின் நேரத்தை மாற்றிக்கொடுக்கும் அமைப்பு. கடகடவென்று சத்தம் போட்டால் பழுது பார்க்க வேண்டியிருக்கும். அதற்கான பாகங்கள் தாராளமாகக் கிடைக்கின்றன.

இந்த மூன்றையும் பணம் கொடுக்கும் முன்பே பார்த்துவிடலாம், அல்லது பில்லைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். ஒரு குளிர்காலத்துக்குள் எல்லாவற்றையும் சரிசெய்து முடிக்கவும் முடியும். 996-இல் ஐஎம்எஸ் பேரிங்கைக் கிளட்ச் மாற்றும்போது மாற்றிவிடலாம், அதுவரை சரி. சிலிண்டர் கீறியிருந்தால் பிளாக்கைப் பிரித்துத் துளையைப் பெருக்கி லைனர் போட வேண்டும். அதற்காகும் செலவு வண்டி விலையில் பாதியைத் தாண்டினாலும் ஆச்சரியமில்லை. அளந்து சேர்த்த பணத்தோடு வருகிறவரை அந்தப் பக்கம் போகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

911-ஐ எனக்கு அதிகம் பிடிக்கும் என்றேனே, அதையும் சொல்கிறேன். காகிதத்தில் அது 320 குதிரைசக்தி, எம்3 343. ஆனால் 911 சுமார் 150 கிலோ குறைவு. எடையில் ஐந்தில் மூன்று பங்கு பின் சக்கரத்தின்மேல் கிடக்கும். முன்பக்கம் லேசாக இருப்பதால் சாலையின் ஒவ்வொரு மேடும் பள்ளமும் ஸ்டீயரிங் வழியாக உள்ளங்கைக்கு வந்து சேரும். மணிக்கு எண்பது கிலோமீட்டரில் போகும்போதே அந்தச் சுகம் கிடைத்துவிடும். எம்3 அப்படியில்லை. அதன் முழுச் சக்தி 7900 சுழற்சியில் வருகிறது. ஊருக்குள் ஓட்டும்போது அது நல்ல பிஎம்டபிள்யூ, அவ்வளவுதான். ஐந்தாயிரத்தைத் தாண்டிய பிறகு அந்த உலோகக் குரல் எழும்பும்போதுதான் எதற்காக இதைச் செய்தார்கள் என்று புரியும். வேக வரம்பு இல்லாத ஆட்டோபான் பகுதிகள் இருக்கும் நாட்டில் நீங்கள் இருக்கிறீர்கள். பக்கத்திலேயே ஸ்வேபியன் ஆல்ப் மலைச்சாலைகள். இந்த எஞ்சின் அங்கே அழகாக வேலை செய்யும். சென்னையில் இருந்துகொண்டு இதே கேள்வியைக் கேட்டிருந்தால் எம்3 என்று இவ்வளவு உறுதியாகச் சொல்லியிருக்க மாட்டேன்.

996-இன் முகவிளக்கைப் பொரித்த முட்டை என்று கேலி செய்து, அந்தக் காரையே மட்டமாகப் பேசுவது ஒரு பழக்கமாகிவிட்டது. அது நியாயமில்லை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் போர்ஷே விற்பனை சரிந்து தத்தளித்தது. அப்போது நிறுவனத்தின் தலைமைக்கு வந்த வீடெகிங், ஜப்பானிய உற்பத்தி ஆலோசகர்களை அழைத்துவந்து தொழிற்சாலையையே திருத்தினார். பாக்ஸ்டரும் 996-உம் முன்பாதியைப் பங்குபோட்டுக்கொண்டு செலவைக் குறைத்ததால்தான் நிறுவனம் தப்பியது. அறுபதுகளிலிருந்து காற்றில் குளிர்ந்த 911 எஞ்சினைத் தண்ணீரால் குளிர்விக்கத் தொடங்கியதும் இந்தக் காரில்தான். அந்த முகவிளக்குக்கும் எம்96-இன் சிக்கனங்களுக்கும் பின்னால் அந்த நெருக்கடி இருக்கிறது.

வீண் ஆசையா என்று கேட்டிருந்தீர்கள். இல்லை. கடன் வாங்காமல், குடும்பத் தேவையில் கைவைக்காமல், மனிதர்கள் உச்சக் கவனத்தோடு செய்த ஓர் இயந்திரத்தை வாங்கிப் பராமரிக்க நினைப்பதில் கூச்சப்பட எதுவும் இல்லை. ஞாயிறுதோறும் மொபெட்டைக் கழற்றிச் சுத்தம் செய்தவருக்கு இது நிச்சயம் புரியும். அவரிடம் விலையில் ஆரம்பிக்காதீர்கள், எஞ்சினில் ஆரம்பியுங்கள். ஆறு சிலிண்டருக்கும் தனித்தனியாக, காற்றை உள்ளே விடும் திராட்டில் ஒன்று உண்டு என்று சொல்லிப் பாருங்கள், அடுத்த கேள்வி அவரிடமிருந்தே வரும்.

எம்3-ஐப் பார்க்கப் போகும்போது, வருவதற்கு முன் ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று விற்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். குளிர்ந்த எஞ்சின் என்ன சத்தம் போடுகிறது என்று நீங்களே கேட்க வேண்டும். டாக்கோமீட்டரில் 4000-க்கு மேல் சிறு விளக்குகள் எரியும், ஆயில் சூடேற ஏற ஒவ்வொன்றாக அணையும். ஓட்டிக் காட்டும்போது விற்பவர் அவை அணையும்வரை பொறுத்திருக்கிறாரா என்று கவனியுங்கள். பொறுக்காமல் மிதித்தால் இத்தனை வருடமும் அப்படித்தான் மிதித்திருப்பார், வந்துவிடுங்கள். கோப்பில் வால்வு இடைவெளி சரிபார்த்த பில் இருக்க வேண்டும். 10டபிள்யூ-60 ஆயில்தான் ஊற்றினார்களா என்றும் பாருங்கள். டியூவ் (அங்கே வண்டிகளுக்குக் கட்டாயமான பாதுகாப்புப் பரிசோதனை) சான்றிதழ் புதிதாக இருக்கிறது என்பது மட்டும் போதாது. அவர்கள் பேரிங்கைப் பார்ப்பதில்லை.

இத்தனைக்குப் பிறகும் மனம் 911 பக்கமே இழுத்தால், தனி மெக்கானிக் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். ஸ்பார்க் பிளக் துளை வழியாக மட்டும் கேமராவை விட்டால் போதாது. எஞ்சின் அடியில் ஆயில் தேங்கும் சம்ப்பைக் கழற்றி, கீழிருந்தும் ஆறு சிலிண்டரையும் பார்க்கச் சொல்லுங்கள். ஆயில் ஃபில்டரை வெட்டி உலோகத் தூள் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டு பக்கச் சைலன்ஸர் குழாய்களில் ஒன்றில் மட்டும் கரி அதிகமாக இருந்தால் மேற்கொண்டு பேச வேண்டாம். இதற்கெல்லாம் சம்மதிக்காத விற்பனையாளரிடம் வாங்கக் கூடாது. சம்மதித்து, சுவர் சுத்தமாக இருந்தால் என் தீர்ப்பை மாற்றிக்கொள்வேன். அப்போது விலையில் புதிய கிளட்சுக்கும் ஐஎம்எஸ் பேரிங்குக்கும் ஆகும் தொகையைக் குறைத்துக் கேளுங்கள்.

எந்த வண்டியானாலும் கையிலிருக்கும் பணத்தில் ஐந்தில் ஒரு பங்கைத் தொடாமல் வையுங்கள். அவசரமும் வேண்டாம். குளிர்காலத்தில் உப்புத் தூவிய சாலையில் இந்த வண்டிகளை யாரும் எடுக்க மாட்டார்கள், பலருக்கும் சீசன் நம்பர் பிளேட்தான், வருடத்தில் சில மாதங்கள் மட்டுமே செல்லும். நவம்பரில் வாங்க வருகிறவர்கள் குறைவு. அப்போது பேரம் பேசுங்கள்.